பெயர் காட்டும் பிணைப்பு

தமிழ்ச்சொல் பகுதியும் விகுதியும் கொண்டு அமைவதுபோலவே ஹைட்ரோகார்பன்களின் பெயரும் அமைகிறது. 1892ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள் இம்முறைக்கு அடித்தளமிட்டனர். பகுதி, கார்பன் அணுக்களின் எண்ணிக்கையைச் சுட்டும்: 'மெத்' ஒன்று, 'ஈத்' இரண்டு, 'புரொப்' மூன்று. விகுதி, அவ்வணுக்களுக்கு இடையிலான பிணைப்பைச் சுட்டும். ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே இருப்பின் 'ஏன்', இரட்டைப் பிணைப்பு இருப்பின் 'ஈன்', முப்பிணைப்பு இருப்பின் 'ஐன்'. இவ்வாறே ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என்னும் பெயர்கள் பிறக்கின்றன. இவற்றில் முறையே ஆறு, நான்கு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன.

விகுதியில் ஓர் உயிரொலி மாறினால் சேர்மமே மாறிவிடும். மாங்காய் கனியும்போது தானே வெளியிடும் வாயு ஈத்தீன். கார்பைடு கல் நீருடன் வினைபுரிந்து வெளியிடும் வாயு ஈத்தைன். அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுச் சேர்மங்கள் கலந்திருக்கலாம். அதனைக் கொண்டு பழுக்கவைத்த பழங்களை விற்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே, விகுதியைப் பிழையற எழுதப் பழகுக.