இன்ஜின் போச்சு என்றால் எது போச்சு?

"இன்ஜின் போச்சு சார்" என்று மெக்கானிக் சொன்னதும் சிலர் அன்று மாலையே புது வண்டி விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் "எவ்வளவு ஆனாலும் சரி, ரெடி பண்ணிடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். டீ வரட்டும், அதற்குள் முதல் கேள்வியைக் கேட்டுவிடுவோம்: இன்ஜினில் எது போச்சு?

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருத்தெருவாகக் கார்கள் தண்ணீரில் நின்றன. நின்றதால் மட்டும் இன்ஜின் உடைந்துவிடாது. தண்ணீர் வடிந்ததும், "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புகிறோமே, அப்போதுதான் வினை. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் காற்றை பெட்ரோல் இன்ஜினில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நசுக்கும். டீசலில் இன்னும் இறுக்கமாக. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. மேலே தண்ணீர், கீழே சுற்றும் கிராங்க், நடுவில் மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராடு. அது வளைந்துவிடும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை இழுத்துவிட்டால் ராடு முறிந்து, இன்ஜின் பிளாக்கையே பொத்துக்கொண்டு வெளியே வரவும் கூடும்.

சாவியைத் தொடாமல் இழுத்து வந்த வண்டிக்குப் பெரும்பாலும் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் போதும். ராடு வளைந்திருந்தால் இன்ஜினை இறக்கியாக வேண்டும். பிளாக் ஓட்டையானால் ஹாஃப் இன்ஜினோ முழு இன்ஜினோ மாற்ற வேண்டும். மூன்றுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மூன்றையும் "இன்ஜின் போச்சு" என்றுதான் சொல்கிறார்கள்.

சூடேறி நின்ற வண்டியும் அப்படித்தான். ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். நுனியில் இருப்பது உங்கள் கையில் உள்ள டீயின் நிறத்தில் நுரைத்து இருந்தால், கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. அநேகமாக ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த நிலையில் வண்டியை உடனே நிறுத்தியிருந்தால், ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட்டு, புது கேஸ்கட் வைத்து ஓட்டிவிடலாம். அதோடு ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் பேரிங்கும் கிராங்கும் அடி வாங்கியிருக்கும், கணக்கே வேறு.

எனவே முதல் செலவு, பிரித்துப் பார்க்கும் கூலி. பிரித்த பிறகு வேலை வேண்டாம் என்றால் எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். என்னென்ன மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைக் கண்ணால் பாருங்கள். இதற்கு முகம் சுளிக்கும் பட்டறையில் மேற்கொண்டு வேலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இனி கணக்கு. "செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் தள்ளிவிடு" என்று ஒரு வாய்மொழிச் சட்டம் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஒரு பேச்சுக்கு, ஓடினால் உங்கள் கார் 2.5 லட்சம் போகும், படுத்த நிலையில் 70 ஆயிரம், வேலைக்கு 1.3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் ஆகிறதே என்று 70 ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டால், அதே தரத்தில் இன்னொரு பழைய கார் வாங்க 1.8 லட்சம் கைவிட்டுப் போட வேண்டும். அதன் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் வண்டியின் பூர்வ கதையாவது உங்களுக்குத் தெரியும். 1.3 லட்சம் போட்டு ஓட்டுவதே லாபம்.

ஆனால் மற்ற பாகங்களும் ஒத்துழைக்க வேண்டும். கியர்பாக்ஸ் முனகுகிறதா, அடித்தளம் துருப்பிடித்திருக்கிறதா, பதிவுக்கு 15 வருடம் முடியப் போகிறதா? அந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள். டேஷ்போர்டு வரை மூழ்கிய காரென்றால் இன்ஜின் வேலை மலிவாக முடிந்தாலும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன், வயரிங்கும் இன்ஜினை இயக்கும் கணினியான இ.சி.யு.வும் மாதத்துக்கொரு தொல்லை கொடுக்கும். "போன மாசம்தான் நாலு டயரும் மாத்தினேன்" என்பது மட்டும் காரணமே இல்லை. அது போன பணம்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் வண்டியில் கை வைக்கும் முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து உடைந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் வராது. அதற்குத் தனியாக 'இன்ஜின் ப்ரொடெக்ட்' எடுத்திருக்க வேண்டும். பாலிசி ஏற்கும் பழுதுச் செலவு, அதில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கு. அப்போது முடிவெடுக்கும் வேலையே உங்களுக்கு இல்லை.

சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். கிடைக்கும்தான். ஆனால் இன்ஜின் எண் பொறித்திருப்பது பிளாக்கில். ஹெட், பிஸ்டன், ராடு மாற்றினால் எண் மாறாது. பிளாக் மாறினால் மாறும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பின்னால் விற்கும்போதும் கிளெய்ம் கேட்கும்போதும் சிக்கல். பில் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

கணக்குப் பார்த்து வண்டியைக் கைகழுவுவதே சரி என்று ஆனாலும், பத்தாயிரம் கூடக் கிடைக்கிறதே என்று காயலான் கடையில் தள்ளிவிட்டு வராதீர்கள். அரசு அனுமதி பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். அதுவரை அந்த எண்ணில் எங்கே என்ன நடந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.