உங்களுக்குத் தெரியுமா? கண்டிச் சீமையின் கவிஞர் எம்.பி.

இலங்கையின் முதல் நாடாளுமன்றத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் ஒருவரும் இருந்தார். பெயர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984). கண்டியைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணத்தின் மடக்கொம்பரைத் தோட்டம் அவர் பிறந்த மண். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளைப் பிடித்தது. அதன் சார்பில் தலவாக்கலையில் வென்றவர் சி.வி.

மறு ஆண்டே, 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனால் நாடற்றவர்களாகிப்போன மலையக மக்களுக்கு, அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களுக்கு, அடுத்து வாக்குரிமையும் பறிபோனது. அவர்களுக்கு ஓட்டு இருந்திருந்தால் 1952 தேர்தலின் கதையே வேறு! இந்தப் பறிப்பை எதிர்த்து அந்த ஆண்டு காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது. சி.வி.யோ கடைசிவரை தொழிற்சங்கத்தையும் விடவில்லை, பேனாவையும் விடவில்லை.

லயத்துக் காம்பிரா (தொழிலாளர் வரிசை வீட்டின் அறை), விடிகாலைப் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), கங்காணியின் (தொழிலாளர் மேற்பார்வையாளர்) அதட்டல், கொழுந்துக் கூடை: இவைதாம் அவர் எழுத்தின் உலகம். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நெடுங்கவிதையை அவர் எழுதியது ஆங்கிலத்தில்! சக்தீ பால ஐயாவின் தமிழாக்கத்தில் அது ‘தேயிலைத் தோட்டத்திலே’ ஆனது. ‘வீடற்றவன்’, ‘இனிப்பட மாட்டேன்’ ஆகியவை அவருடைய நாவல்கள். தொழிலாளர் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களையும் தேடித் தொகுத்தார். என் கணக்கில், நாவல்களைவிடப் பெரிய கொடை அந்தத் தொகுப்புதான்.

கண்டிக்குப் போனால் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களைப் பார்க்கலாம். அவற்றை ஓட்டிய மக்களின் கதைக்கு சி.வி.யைப் படியுங்கள்.