நாவில் ஊறும் நீர்

புளியமரத்தைக் கடந்து செல்லும்போது புளியங்காயை நினைத்தாலே போதும், நம் வாயில் நீர் ஊறிவிடும். காயை நாம் இன்னும் கடிக்கவில்லை. அப்படியிருக்க, இந்த நீர் எங்கிருந்து வந்தது? அதற்குக் கட்டளையிட்டது யார்? சற்று ஆராய்வோம்.

நமக்கு மூன்று இணை பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. காதுக்கு முன்னும் கீழுமாக அமைந்திருப்பது மேலண்ணச் சுரப்பி, இதுவே பெரியது. இதன் நாளம், மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் திறக்கிறது. தாடை எலும்பின் உட்புறம் கீழ்த்தாடைச் சுரப்பியும், நாக்கின் அடியில் நாவடிச் சுரப்பியும் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கை வேகவைத்து நன்றாக மென்றால் இனிக்கிறதல்லவா? உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி, மாவுப் பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதே காரணம்.

மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளுள் 9-ஆவதான நாத்தொண்டை நரம்பு, மேலண்ணச் சுரப்பியைச் சுரக்கச் செய்கிறது. 7-ஆவதான முகநரம்பு மற்ற இரண்டையும் இயக்குகிறது. இதில் ஒரு விந்தை! முகநரம்பு மேலண்ணச் சுரப்பியின் ஊடேதான் செல்கிறது. ஆயினும் அதற்குக் கட்டளையிடுவதில்லை. நம் வாசல் வழியே சென்றும் நமக்குக் கடிதம் தராத தபால்காரரைப் போல, முகத் தசைகளை நாடிப் போய்விடுகிறது. அச்சம் வந்தால் மூளை தன் சுரப்புக் கட்டளையைக் குறைத்துக்கொள்கிறது. வினாத்தாளை வாங்கும்போது நம் நா உலர்வது இதனால்தான்.

மேலண்ணச் சுரப்பியை வைரஸ் தாக்கி வீங்கச் செய்யும் நோயே பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவித்தால் வீக்கம் வற்றும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் வீக்கம் தானே வற்றிவிடும். அது தங்கம் செய்த வேலையன்று. இந்நோயின்போது புளிப்பு உண்டால் வலி மிகும். நரம்பின் கட்டளைப்படி நீர் சுரக்க முயல்கையில், வீங்கிய சுரப்பி இறுகிய உறைக்குள் நெருக்குண்பதே காரணம். ஆகவே நீராகாரமும் கஞ்சியும் ஓய்வும் நல்லவை.

இந்நோய் உமிழ்நீர்த் துளிகளால் பரவுகிறது. அரிதாகக் காது கேளாமையும் மூளையுறை அழற்சியும் நேரலாம். எனவே சங்கிலி அணிவித்துப் பள்ளிக்கு அனுப்பாமல், வீக்கம் தோன்றியபின் 5 நாட்களாவது பிள்ளையை வீட்டில் இருத்துவதே முறை.

1963-இல் அமெரிக்காவில் ஜெரில் லின் என்ற 5 வயதுச் சிறுமிக்கு இந்நோய் வந்தது. விஞ்ஞானியான அவள் தந்தை மாரிஸ் ஹில்மேன், மகளின் தொண்டையிலிருந்து வைரஸை எடுத்து ஆராய்ந்து தடுப்பூசி கண்டார். 1967-இல் அது அங்கீகாரம் பெற்றது. அவ்வகை வைரஸ் இன்றும் அவள் பெயராலேயே வழங்குகிறது. ஒரு சிறுமியின் நோய் உலகக் குழந்தைகளுக்குக் காவலாயிற்று!

பெற்றோரே, இத்தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு துளி உமிழ்நீரிலும் இத்தனை ஒழுங்கை வைத்த இறைவனுக்கு நன்றி கூறுவோம். அவர் தந்த அறிவைக் கொண்டு பிறரையும் காப்போம்.