பெரிய டயர் ஜீப்: யாழ்ப்பாணத்தில் ஓடியது, மலையில் இழுக்குமா?

டயர் எவ்வளவு பெரிசோ ஜீப்புக்கு அவ்வளவு பலம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பார்வைக்கும் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் விஷயம் நேர்மாறானது. டயரைப் பெரிதாக்கிவிட்டு, அச்சுக்குள்ளே இருக்கும் பற்சக்கரத்தை அப்படியே விட்டால் வண்டியின் இழுவை குறைகிறது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைக்கும் சக்தியும் குறைகிறது. மலையில் வாழும் நமக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

காசு சம்பந்தப்பட்டதும்தான். காலமெல்லாம் பேர் போட்டு உழைத்த அப்பாவுக்கு 55 வயதிலும், அம்மாவுக்கு 50 வயதிலும் ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வருகிறது. "மரக்கறி மூட்டை ஏத்தலாம், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடலாம்" என்று மகன் கேட்க, அந்தப் பணம் ஒரு பழைய ஜீப்பாக மாறிவிடுகிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை பழைய வண்டிகளுக்குக் கிராக்கி ஏறியிருந்தது. போருக்குப் பின் ஏ9 வீதியும் திறந்துவிட்டதால், வடக்கே வேலைக்குப் போன பிள்ளைகள் அங்கேயே வண்டி பார்த்து விலை பேசுவதும் உண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீட்டர். அங்கே நன்றாக ஓடிய வண்டி இங்கே வந்ததும் ஏன் திணறுகிறது என்பதைத்தான் இங்கு விளக்கப் போகிறோம்.

சமதரையின் குணம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த சமதரை. பனையும் வயலும் கடல்நீரேரியும் உண்டு. மலை என்று ஒன்று கிடையாது. அங்கே வண்டியை நகர வைத்துவிட்டால் போதும், பிறகு குறைந்த சக்தியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு நல்ல சாட்சி யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள். 1990இல் தொடங்கிய தடைக் காலத்தில் குடாநாட்டில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற கார்களைக் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயில் என்ஜினின் பலம் குறையும். ஆனாலும் ஏற வேண்டிய மேடு இல்லாததால் கார்கள் ஓடின. அவற்றில் சில இன்றும் அங்கே வீதியில் ஓடுகின்றன. இதே வேலையை நமது மலைப்பாதையில், ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு செய்ய முடியுமா? முடியாது.

சைக்கிளிலேயே பாடம் இருக்கிறது

அந்தக் காலத்தில் குடாநாட்டு மக்களுக்குக் கைகொடுத்தது சைக்கிள். விறகும் மூட்டையும் ஆட்களும் அதில்தான் போனார்கள். சைக்கிளைப் பார்த்தாலே கியர் கணக்கு விளங்கிவிடும்.

மிதிக்கும் இடத்துப் பல்லுச் சக்கரத்தில் 44 பல்லும், பின் சில்லில் 22 பல்லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருமுறை மிதித்தால் சில்லு இரண்டு முறை சுற்றும். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் 88 அங்குலம் போகும். அப்படியானால் ஒரு மிதிக்கு 176 அங்குலம். இப்போது பின்னாலுள்ள 22 பல்லைக் கழற்றிவிட்டு 18 பல்லு போட்டால் ஒரு மிதிக்கு இன்னும் தூரம் போகலாம். ஆனால் கால் வலிக்கும். பல்லை மாற்றாமல் சில்லை மட்டும் பெரிதாக்கினாலும் அதே கதைதான். ஒரு மிதிக்குப் போகும் தூரம் கூடும்போது மிதிக்கும் பாரமும் கூடுகிறது. ஜீப்பில் மிதிப்பது என்ஜின், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரவுன் வீலும் பினியனும்

ஜீப்பின் பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போல் உருண்டையாக ஒரு பெட்டி இருக்கும். அதுதான் டிபரன்சியல். அதற்குள் சின்னப் பல்லுச் சக்கரம் ஒன்றும் (பினியன்), பெரிய பல்லுச் சக்கரம் ஒன்றும் (கிரவுன் வீல்) ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு சுழலும். இரண்டாம் உலக யுத்த காலத்து வில்லிஸ் ஜீப்பில் பினியனுக்கு 8 பல்லு, கிரவுன் வீலுக்கு 39 பல்லு. 39ஐ 8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.88. அதாவது புரொப்பெலர் சாப்ட் 4.88 முறை சுற்றினால்தான் சில்லு ஒருமுறை சுற்றும். யுத்தம் முடிந்து பொதுமக்களுக்கு விற்ற வில்லிஸ் ஜீப்பில் 43க்கு 8, அதாவது 5.38. பழைய லேண்ட் ரோவரில் 47க்கு 10, அதாவது 4.7.

இந்த எண் கூடக் கூட இழுவை கூடும், வேகம் குறையும். எண் குறையக் குறைய வேகம் கூடும், இழுவை குறையும்.

மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்களேன். 803 சிசி என்ஜின் இருந்த காலத்தில் இந்த எண் 5க்கு மேல். 1956இல் 948 சிசி வந்ததும் 4.55 ஆயிற்று. 1962இல் 1098 சிசி வந்ததும் 4.22 ஆயிற்று. என்ஜின் பலப்படப் பலப்பட, செய்தவர்களே எண்ணைக் குறைத்தார்கள். என்ஜினும் பல்லும் டயரும் மூன்று பேர் சேர்ந்து தூக்கும் சுமை மாதிரி. ஒருவரை மாற்றினால் மற்றவர்களும் இடம் மாற வேண்டும்.

"அப்படியானால் டிராக்டருக்கு அவ்வளவு பெரிய டயர் இருக்கே, அது இழுக்கலையா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. டிராக்டரின் பெரிய சில்லுக்கு ஏற்றபடி உள்ளே பல மடங்கு குறைக்கும் பற்சக்கரங்களைக் கம்பனியே வைத்திருக்கிறது. அதனால்தான் அது மெதுவாகப் போனாலும் வயலை உழுகிறது. நாம் டயரை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதை மறந்துவிடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

28 அங்குல உயர டயர் உள்ள ஜீப்புக்கு 32 அங்குல டயர் மாட்டினால் என்ன நடக்கும்? பழைய டயர் ஒரு மைலுக்கு 720 முறை சுற்றும். புதியது 630 முறைதான் சுற்றும். இழுவையில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. எட்டுப் பேர் தள்ளிய வண்டியை இனி ஏழு பேர் தள்ள வேண்டும். 4.88 எண் உள்ள அச்சு, 4.27 போலவே வேலை செய்யும்.

பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் கணக்கு சுலபம். பழைய எண்ணைப் புதிய டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் வகுக்க வேண்டும். 4.88ஐ 32ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 5.58. சரியாக அந்த எண்ணில் பல்லுச் சக்கரம் கிடைக்காவிட்டால் அதற்குக் கிட்டிய எண்ணை எடுக்கலாம். இந்த வகை ஜீப்புக்கு 5.38 கிட்டியது. அதைப் போட்டால் இழந்த இழுவையில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

அதற்காக எண்ணைக் கண்டபடி ஏற்றவும் கூடாது. தினமும் டவுனுக்கு ஓடும் வண்டி என்றால், நல்ல தார் ரோட்டில் என்ஜின் அலறும், எண்ணெய் குடிக்கும், தேய்மானமும் கூடும். தினமும் எந்தப் பாதையில் எவ்வளவு சுமையோடு ஓடப் போகிறது என்பதைப் பார்த்தே எண்ணைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று: ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும். முள் 40 என்று காட்டும்போது வண்டி உண்மையில் கிட்டத்தட்ட 46இல் போகும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து

ஏற்றத்தில் இழுக்காவிட்டால் வண்டி நின்றுபோகும்; கிளச் கருகும்; காசு போகும். இறக்கத்தில் அப்படியில்லை.

சின்ன கியரில் இறங்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கிறது. டயர் பெரிதானால் அந்தப் பிடியும் எட்டில் ஒரு பங்கு குறையும். அதனால் டிரைவர் பிரேக்கை அதிகம் மிதிக்கிறார். தொடர்ந்து மிதிக்க மிதிக்க பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்கும். போதாததற்கு, பெரிய டயரில் கால் பிரேக்கின் பலமும் அதே அளவு குறைகிறது.

இங்கே ஒரு முக்கிய விஷயத்தைச் சொல்ல வேண்டும். கிரவுன் வீல், பினியனை மாற்றினால் என்ஜினின் பிடி திரும்பும். கால் பிரேக்கின் பலம் திரும்பாது. அதைத் தனியாகச் சீர்செய்ய வேண்டும். இதை யாரும் சொல்லாமலே பெரிய டயரை விற்றுவிடுகிறார்கள்.

மாற்றுவதென்றால்

நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்பில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே எண் இருந்தாக வேண்டும். செலவு மிச்சம் என்று பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சில்லையும் இயக்கினால், முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு வேகத்தில் ஓடப் பார்க்கும். டிரான்ஸ்பர் பெட்டியும் அச்சும் உடையும். ஆகவே செலவு இரண்டு மடங்கு என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகவே வரும். ஒரு ஜோடியிலிருந்து ஒன்று, இன்னொரு ஜோடியிலிருந்து ஒன்று என்று பொருத்தக் கூடாது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான இடைவெளியை அளந்து, மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, சாயம் பூசிப் பல் எங்கே படுகிறது என்று பார்த்துத்தான் மூட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த பாஸிடம் மட்டுமே கொடுங்கள். சரியாகப் பொருத்தாத டிபரன்சியல் ஊளையிடும், சீக்கிரமே பல் உடையும்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் அவசியம். விபத்து நடந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் விற்கிறவர் "நல்லா ஓடுது" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. அங்கே அது நல்லாத்தான் ஓடும். சமதரையில் ஓட்டிப் பார்த்து மலைக்கான வண்டியைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. அதனால் ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் அளந்தும் எண்ணியும் பாருங்கள்.

1. டயரின் உயரத்தை அளக்கவும். வண்டியோடு வந்த அசல் டயரின் அளவு என்ன என்று கேட்டு ஒப்பிடவும்.

2. அச்சின் எண்ணைக் கண்டுபிடிக்கவும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, முன் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைக்கவும். பின் அச்சை ஜக் கொண்டு உயர்த்தி, உறுதியான தாங்கியில் நிறுத்தவும். இரண்டு பின் சில்லுகளையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றி, புரொப்பெலர் சாப்ட் எத்தனை சுற்று என்று சோக்கால் அடையாளமிட்டு எண்ணவும். ஐந்துக்குச் சற்றுக் குறைவென்றால் 4.88 ஆக இருக்கலாம். ஐந்தும் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலும் என்றால் 5.38. ஜக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகவே கூடாது.

3. முன் அச்சையும் அதேபோல் பார்க்கவும். இரண்டும் ஒரே எண்தானா?

4. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்கவும்.

5. பிரேக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லவும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பெரிய டயர் வண்டிதான் கிடைக்கிறது என்றால், மலிவான வழி ஒன்று உண்டு. அசல் அளவு டயரையே திரும்ப மாட்டிவிடுங்கள். 4 அங்குலம் உயர்ந்த டயர் அச்சைத் தரையிலிருந்து 2 அங்குலம்தான் தூக்குகிறது. அந்த 2 அங்குலத்துக்காக இரண்டு அச்சையும் பிரேக்கையும் மாற்ற வேண்டுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து யோசியுங்கள். கல் நிறைந்த பாதையில் அது தேவைப்படும் வண்டிகளும் இருக்கின்றன. அப்படியானால் டயர், முன் பின் அச்சுப் பற்சக்கரம், பிரேக் ஆகிய எல்லாவற்றின் செலவையும் ஒன்றாகக் கூட்டி, அது கைக்கு எட்டுமா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பெற்றோரின் சேமலாப நிதி ஒருமுறைதான் வரும்.