பழங்கைத்துப்பாக்கியின் தேய்மானம்
காக்ஸ் டவுனைத் தன்னகத்தே கொண்ட பெங்களூர்த் தண்டுப் பகுதியை ஆங்கிலேயர் 1809இல் நிறுவினர். படையுடன் தமிழர் பலரும் வந்து குடியேறினர். அந்நாளையக் குதிரைவீரர் சேணத்தில் செருகியது சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி.

அதற்குள்ளும் ஒரு 'குதிரை' உண்டு. அது கவ்விய கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி எழுப்பும். பொறி, பற்றுவாய் என்னும் சிறுதுளை வழியே மருந்தைக் கொளுத்தும். கல் விரைவில் மழுங்கும், மாற்றிவிடலாம். தகட்டின் கடினமான மேற்பரப்பு தேய்ந்தாலோ பொறி எழாது. வெடிப்பின் கசடு ஈரத்தை ஈர்த்துப் பற்றுவாயை அரிக்கும்.

எல்லாவற்றினும் கொடியது, குதிரையைப் பாதியில் நிறுத்தும் வெட்டுப்பள்ளம் தேய்வதே. விசையைத் தொடாமலே குதிரை பாய்ந்துவிடும்! முன்னோர் விட்டுச்சென்ற கைத்துப்பாக்கி வீட்டிலிருப்பின், குழலில் மருந்து இருப்பதாகவே கொள்ளுங்கள். ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கழிந்தும் வெடிக்கும்.