துப்புகளை இணைக்கும் துறை

துப்புக் கிடைத்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிடுவான் என்று நாம் நினைக்கிறோம். துப்புகள் மலைபோல் குவிந்தும் ஒரு கொலைகாரன் ஆண்டுக்கணக்கில் தப்பித் திரிந்ததை நீங்கள் அறிவீர்களா?

இங்கிலாந்தின் வடபகுதியில் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைப் பீட்டர் சட்கிளிஃப் என்ற லாரி ஓட்டுநன் கொன்றான். அந்த ஆண்டுகளில் போலீசார் அவனை ஒன்பது முறை விசாரித்திருந்தனர்! விவரங்கள் அட்டைகளில் குறிக்கப்பட்டன. ஆனால் அட்டைகள் அளவின்றிப் பெருகியதால், முன்னர் நடந்த விசாரணை பின்னர் வந்தவருக்குத் தெரியாமலே போயிற்று. போதாக்குறைக்கு, 1979-இல் 'நானே கொலையாளி' என்று ஒருவன் அனுப்பிய பொய்யான ஒலிநாடாவைப் போலீசார் நம்பிவிட்டனர். கடைசியில், 1981 சனவரியில், போலி எண்பலகை பொருத்திய காரில் இருந்தபோதுதான் சட்கிளிஃப் பிடிபட்டான்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். தகவல்களை இணைக்க வேண்டும். அவற்றின் நம்பகத்தை எடைபோடவும் வேண்டும். 1980-களின் நடுவில் 'ஹோம்ஸ்' என்னும் கணிப்பொறி முறை பெரிய புலன்விசாரணைகளுக்குத் துணையாக வந்தது. எனினும், இங்கிலாந்திலும் வேல்சிலும் மட்டும் 43 வட்டாரப் போலீஸ் படைகள் உள்ளன. குற்றக் கும்பல்களோ எல்லை பார்ப்பதில்லை. ஆகவே 1992-இல் பிரிட்டனில் தேசியக் குற்ற உளவுப் பணியகம் தோன்றியது.

இத்தகைய துறையின் வேலை என்ன? ஓர் ஊர் வங்கியில் ஒருவர் காரணமின்றிப் பெருந்தொகை கட்டுகிறார். வேறோர் ஊரில் போதைப்பொருளுடன் ஒரு கார் பிடிபடுகிறது. துறைமுகத்தில் ஒரு பெட்டியின் மேல் ஐயம் எழுகிறது. தனித்தனியே இவை சிறு செய்திகள். மூன்றிலும் ஒரே தொலைபேசி எண் இருந்தால்? அந்தத் தொடர்பைக் கண்டு, உரிய படைக்கு அறிவிப்பதே அதன் பணி. கைது செய்வது மற்றவர் பொறுப்பு.

ஒவ்வொரு தகவலுக்கும் இரு மதிப்பீடுகள் இடுவார்கள். சொன்னவர் நம்பத்தக்கவரா? சொன்ன செய்தி உண்மையாக இருக்கக் கூடுமா? நல்லவரும் தவறாகக் கேட்டிருக்கலாம் அல்லவா?

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கோப்பில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். எதைச் சேர்ப்பது, எதை அழிப்பது என்பதற்குச் சட்டத்தின் காவல் தேவை.

அந்தப் பணியகம் 2006-இல் வேறொரு அமைப்புடன் இணைக்கப்பட்டது. 2013 முதல் தேசியக் குற்றத் தடுப்பு முகமை இப்பணியைச் செய்துவருகிறது. பெயர்கள் மாறின, சிதறிய துப்புகளை ஒன்று சேர்க்கும் வேலை மாறவில்லை.