பட்டனை யார் வரையறது? மோட்டிஃப், ஜிடிகே, நம்ம ‘கொ’

தவளக்குப்பத்துல இருந்து பேசுறேன். நடுவுல ஹாரன் கேட்டா அது கடலூர் ரோட்டு பஸ், எடிட்ல எடுக்க முடியல.

என் முதல் வேலையில ஒரு பழைய யூனிக்ஸ் புரோகிராமைக் கையில கொடுத்தாங்க. தொண்ணூறுகள்ல மோட்டிஃப்ல எழுதினது. சாம்பல் கலர் பட்டன், ஓரமெல்லாம் செதுக்கின மாதிரி. அதுல ஒரு பேரைத் தமிழ்ல அடிச்சேன். வரிசையா கேள்விக்குறி! ஏன்னு தேடப் போய்தான் இந்த எபிசோட்.

1987ல வந்த எக்ஸ்11 ஜன்னல் தரும், கோடு போடும், மவுஸ் எங்க கிளிக் ஆச்சுன்னு சொல்லும். பட்டன் எப்படி இருக்கணும்னு சொல்லாது. வேணும்னே அப்படி விட்டாங்க. அது டூல்கிட்டோட வேலை. எக்ஸ் கூடவே வந்த ஏதீனா இலவசம், ஆனா பாக்க சகிக்காது. சன்னும் ஏடி&டியும் ஓப்பன் லுக்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தின ஓஎஸ்எஃப், 1989ல மோட்டிஃபை வெளியிட்டது. 1993ல சன்னே மோட்டிஃப் பக்கம் வந்துடுச்சு. அதே வருஷம் வந்த மொசைக் பிரவுசரோட யூனிக்ஸ் வெர்ஷனும் மோட்டிஃப்தான். அப்போ அதுதான் பத்திரமான சாய்ஸ்.

ஆனா காசு கட்டணும். பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் கிம்ப்பை முதல்ல மோட்டிஃப்லதான் எழுதினாங்க. கிம்ப்போட சோர்ஸ் கோட் இலவசம். ஆனா அதை கம்பைல் பண்ண மோட்டிஃப் வாங்கணும்! லினக்ஸ் வச்சிருக்கிற மாணவன் எங்க போவான்? மாட்டிஸ் தானே ஒரு டூல்கிட் எழுதிட்டாரு. அதுதான் ஜிடிகே. முதல் எழுத்து ‘ஜி’ கிம்ப்பைத்தான் குறிக்குது. இதை நான் ரொம்ப நாளா ‘க்னோம்’னு நினைச்சுட்டு இருந்தேன்.

இனி நம்ம விஷயம். அந்தக் காலத்து டூல்கிட்டுக்கு எழுத்துன்னா ஒரு நம்பர், ஒரு படம், இடமிருந்து வலம். அவ்வளவுதான். யூனிகோடுல ‘கொ’ன்னா முதல்ல ‘க’, பிறகு ஒகரக் குறி. ஆனா திரையில கொம்பு ‘க’வுக்கு முன்னாடி வரணும், கால் பின்னாடி வரணும். இதை யாராவது பிரிச்சு அடுக்கணும்.

டிஸ்கி மாதிரி எட்டு பிட் குறியீடுகள் குறுக்கு வழியில போச்சு. கொம்பு, க, கால்னு கண்ணுக்குத் தெரியிற வரிசையிலயே சேமிச்சாங்க. ஃபான்ட்டை மாத்தினா போதும், பழைய டூல்கிட்லயும் தமிழ் தெரியும். கெட்டிக்காரத்தனம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னா கம்ப்யூட்டர் முழிக்கும், ஏன்னா ‘கொ’ கொம்புல ஆரம்பிக்குது.

மும்பை என்சிஎஸ்டியோட இண்டிக்ஸ், அடுக்குற வேலையை எக்ஸ் சர்வருக்குள்ளயே வச்சது. அப்ளிகேஷனைத் தொட வேண்டாம், ஆனா திருத்தின எக்ஸ் ஒவ்வொரு மெஷின்லயும் இருக்கணும். 2002 மார்ச்ல வந்த ஜிடிகே 2.0, பாங்கோங்கிற லைப்ரரிகிட்ட அந்த வேலையைக் கொடுத்தது. (கிரேக்க ‘பான்’னா எல்லாம், ஜப்பானிய ‘கோ’ன்னா மொழி.) அதுக்கப்புறம் ஜிடிகேல எழுதுறவருக்குத் தமிழே தெரியாட்டியும் ‘கொ’ சரியா வரும்.

நான் பாத்த அந்தப் புரோகிராம்ல கடைசியா பேரை இங்கிலீஷ்லயே போட்டோம். டூல்கிட்டை மாத்தணும்னா பாதி கோடை திரும்ப எழுதணும், டைம் இல்லைன்னுட்டாங்க.

உங்க ஆபீஸ்ல பழைய மோட்டிஃப் புரோகிராம் ஏதாவது ஓடுதா? ‘கொ’ அடிச்சுப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க.